கண்ணாடி கொடுத்தோம், பிள்ளைகள் போட்டார்களா? சீனத் தொண்டு அமைப்புகளில் கண்காணிப்பும் மதிப்பீடும் செய்யும் முறை

வடமேற்குச் சீனாவின் கான்சு, ஷான்சி மாகாணங்களில் 252 ஆரம்பப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. கிட்டப்பார்வை உள்ள பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு இலவசமாக மூக்குக்கண்ணாடி கொடுத்தார்கள். முடிவுகள் 2014இல் வெளியாயின. இலவசக் கண்ணாடி வாங்கிய பிள்ளைகளிடம் கடைசியில் கேட்டபோது, 68 விழுக்காட்டினர் போடுவதாகச் சொன்னார்கள். நேரில் பார்த்து எண்ணியபோது 41 விழுக்காட்டினர் முகத்தில்தான் கண்ணாடி இருந்தது. அந்த அளவுக்குப் போட்டதற்கே கணித மதிப்பெண் உயர்ந்திருந்தது.

இதே வேலையை ஒரு சாதாரணத் தொண்டு அமைப்பு செய்திருந்தால் ஆண்டறிக்கையில் ஓர் எண்தான் இருந்திருக்கும்: எத்தனை கண்ணாடி கொடுத்தோம் என்பது. கொஞ்சம் அக்கறையான அமைப்பாக இருந்தால் 68ஐயும் சேர்த்திருக்கும். 41 யாருக்கும் தெரியவந்திருக்காது. மீதிப் பிள்ளைகள் ஏன் போடவில்லை என்று விசாரிக்கும் வாய்ப்பும் அதோடு போயிருக்கும்.

நான் மலேசியாவின் கிள்ளானில் சீன ஆரம்பப் பள்ளியில் படித்தவள். அங்கே கற்ற மண்டரின்தான் என்னைக் குன்மிங்குக்கும் குவாங்சோவுக்கும் கொண்டுபோய், தொண்டு அமைப்புகளின் திட்டங்களைக் கண்காணித்து மதிப்பிடும் வேலையில் சேர்த்தது. சீன அமைப்புகளோடு கூட்டாக வேலை செய்யும் தமிழர்கள், குறிப்பாக சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உள்ள அறவாரியங்களில் இருப்பவர்கள், என்னிடம் கேட்கும் கேள்விகளை வைத்தே இதை எழுதுகிறேன்.

வெளியிலிருந்து வருகிறவர்கள் முதலில் நினைப்பது, சீன அமைப்புகளுக்கு அறிக்கை எழுதும் பழக்கம் போதாது என்று. நான் பார்த்தது நேர்மாறானது. அவர்கள் எழுதிக் குவிக்கிறார்கள். எழுதியது எல்லாம் மேல்நோக்கிப் போகிறது: அரசு அலுவலகத்துக்கு, பணம் கொடுத்த அறவாரியத்துக்கு, நன்கொடை திரட்டிய செயலிக்கு. உதவி பெற்ற ஊருக்கு ஒரு தாளும் திரும்பி வருவதில்லை. ஆகவே இங்கே கண்காணிப்பை மேம்படுத்துவது என்றால் என் கணக்கில் மூன்று வேலை. சேகரிப்பதைக் குறைக்க வேண்டும். நேரில் பார்ப்பதைக் கூட்ட வேண்டும். கண்டதைப் பெற்றவர்களிடமே திருப்பிச் சொல்ல வேண்டும்.

முதலில், இருக்கும் அறிக்கைகளைச் சுவரில் ஒட்டுங்கள்

புதிய படிவம் எதையும் வடிவமைக்கும் முன், அந்த அமைப்பு ஏற்கெனவே யாருக்கு என்ன, எப்போது கொடுக்கிறது என்பதை ஒரு பெரிய தாளில் எழுதுங்கள். அறவாரியமாகப் பதிவு செய்த அமைப்பு என்றால் மார்ச் 31க்குள் குடிமை விவகாரத் துறைக்கு ஆண்டறிக்கை. பொதுமக்களிடம் நிதி திரட்டுகிற அமைப்பு என்றால், 2016 செப்டம்பர் 1இல் நடைமுறைக்கு வந்த அறக்கொடைச் சட்டப்படி, ஆறு மாதத்துக்கு மேல் நீளும் திட்டத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது நிலவரத்தை வெளியிட வேண்டும். திட்டம் முடிந்த மூன்று மாதத்துக்குள் முழுக் கணக்கு. ஒரு ஏ (1A) முதல் ஐந்து ஏ (5A) வரை தரப்படுத்தும் அரசு மதிப்பீட்டுக்குப் போயிருந்தால் அதற்குத் தனிக் கோப்புகள். அந்தத் தரம் ஐந்தாண்டு செல்லும், அரசு ஒப்பந்தம் கிடைப்பதில் அது கைகொடுக்கும், அதனால் யாரும் அதை லேசில் விடமாட்டார்கள்.

உங்கள் அமைப்பு வெளிநாட்டு அமைப்பாக இருந்தால் கதை வேறு. 2017 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி பதிவு செய்ய வேண்டிய இடம் காவல்துறை. மேற்பார்வை செய்ய ஓர் அரசு நிறுவனம் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அடுத்த ஆண்டுத் திட்டம் டிசம்பர் 31க்குள் அந்த மேற்பார்வை நிறுவனத்திடம் போக வேண்டும்; போன ஆண்டு அறிக்கை ஜனவரி 31க்குள் அதே நிறுவனத்திடமும், மார்ச் 31க்குள் பதிவு அலுவலகத்திலும். இதை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மதிப்பீட்டின் முடிவு நவம்பரில் கைக்கு வராவிட்டால் அடுத்த ஆண்டுத் திட்டத்தில் அதைச் சேர்க்க முடியாது. ஆகவே வெளிநாட்டு அமைப்பின் மதிப்பீட்டுக் காலம் செப்டம்பர், அக்டோபர்.

சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்தால் ஒரே கேள்வி பல இடங்களில் வேறு வேறு உருவில் வருவது தெரியும். பெரும்பாலும் அது பயனாளி எண்ணிக்கை. இங்கேதான் பெரிய குழப்பம். 30 பிள்ளைகள் ஒரு வாசிப்பு வகுப்புக்கு 20 வாரம் வந்தால் பயனாளிகள் 30 பேர், வருகை 600. சீன அறிக்கைகளில் இரண்டு கணக்கும் அக்கம்பக்கமாகப் புழங்குகின்றன. நன்கொடையாளருக்குப் போகும் அட்டையில் பெரிய எண்தான் ஏறும், படிக்கிறவர் அதை ஆட்கள் என்றே எடுத்துக்கொள்வார். யாரும் பொய் சொல்லவில்லை, ஆனால் எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஆள் கணக்குக்கு ஒரு கட்டம், வருகைக் கணக்குக்கு ஒரு கட்டம், இரண்டும் எப்போதும் சேர்ந்தே வர வேண்டும் என்று அமைப்புக்குள் ஒரு விதி போடுங்கள். நான் எந்த அமைப்புக்குப் போனாலும் முதலில் கேட்பது இந்த விதியைத்தான்.

பிறகு, சேகரிக்கும் ஒவ்வொரு எண்ணையும் எடுத்து, இது ஏறினாலோ இறங்கினாலோ நாம் எந்த முடிவை மாற்றுவோம் என்று கேளுங்கள். பதில் இல்லாத எண்ணை, சட்டமோ ஒப்பந்தமோ கேட்காதவரை, நிறுத்திவிடலாம். தென்மேற்குச் சீனாவின் யுன்னான் மலைப்பள்ளிகளில் நூலகம் நடத்தும் ஒரு சிறு அமைப்பில் இப்படிக் கழித்துக் கழித்துக் கடைசியில் நின்றவை சில எண்களே: இந்த மாதம் வீட்டுக்குப் போன புத்தகங்கள், ஒன்றுமே எடுக்காத பிள்ளைகள், நூலகம் பூட்டியிருந்த நாட்கள். மூன்றாவதை யாரும் முன்பு எழுதியதில்லை. எழுதத் தொடங்கியதும்தான் சிக்கல் புத்தகத்தில் இல்லை, சாவி வைத்திருக்கும் ஆசிரியருக்கு வகுப்புப் பளு அதிகம் என்பது வெளியே வந்தது.

நேரில் பார்ப்பது எப்படி

சீனக் கிராமத்தில் கருத்துக் கணிப்பு நடத்துவது மிகச் சுலபம். சுலபமாக இருப்பதுதான் ஆபத்து. வென்ஜுவான்சிங் தளத்தில் வினாத்தாள் போட்டு, அதன் சதுரக் குறியீட்டை வகுப்பு வீசாட் குழுவில் ஆசிரியர் பகிர்ந்தால் மாலைக்குள் எல்லாப் பதிலும் வந்துவிடும். எல்லாமே மிகத் திருப்தி. பெற்றோர் ஆசிரியர் முன்னிலையில் பதில் எழுதுகிறார்கள். அவர்கள் பிள்ளை நாளைக்கும் அந்த வகுப்பில் உட்கார வேண்டும். பாட்டியிடம் பேரப்பிள்ளையை விட்டுவிட்டு ஷென்ஜெனில் வேலை செய்யும் அம்மாவுக்கு, பள்ளியில் என்ன நடக்கிறது என்று தெரியவும் தெரியாது. தெரிந்த பாட்டி அந்தக் குழுவில் இல்லை.

ஆகவே பாட்டியிடம் போங்கள். சிச்சுவான் மாகாணத்து லியாங்ஷான் மலையில் அவர் யி மொழி பேசுவார். மொழிபெயர்க்க ஊர்த்தலைவரின் மகனைக் கூப்பிடாதீர்கள். பக்கத்து மாவட்டத்துக் கல்லூரி மாணவி ஒருத்திக்குக் கூலி கொடுத்து அழைத்துப் போங்கள். அந்தக் கூலியை முதலிலேயே வரவுசெலவில் எழுதுங்கள், கடைசியில் அதுதான் வெட்டுப்படும்.

திருப்தியா என்று கேட்கக் கூடாது. விருந்தாளி கேட்டால் 'இல்லை' என்று யாரும் சொல்லமாட்டார்கள், அது அங்கே மரியாதை. பதிலாக, தேர்வு செய்ய வைக்கும் கேள்வி கேளுங்கள். அடுத்த ஆண்டு பணம் குறைந்தால் இவற்றில் எதை முதலில் நிறுத்தலாம்? இந்த உதவி கிடைத்திருக்க வேண்டியவர், கிடைக்காமல் போனவர் இந்த ஊரில் உண்டா? இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல எல்லோருக்கும் விருப்பம். யாரையும் குறை சொல்வதாக ஆகாமல் பயனாளித் தேர்வில் உள்ள ஓட்டை தெரிந்துவிடும்.

திடீர்ச் சோதனை பற்றிப் பலர் கேட்கிறார்கள். மலேசியாவில் செய்வதுபோல் சொல்லாமல் போய் நின்றால் பள்ளி முதல்வருக்கு அவமானம், மாவட்டக் கல்வி அலுவலகம் வரை பேச்சுப் போகும், அடுத்த முறை வாசல் திறக்காது. நான் செய்வது இது. பருவத் தொடக்கத்திலேயே முதல்வரோடு உட்கார்ந்து, இந்தப் பருவத்தில் இரண்டு நாள் வருவோம், எந்த நாள் என்று சொல்லமாட்டோம், வந்தால் இன்னின்னதைப் பார்ப்போம் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுவேன். அவர் கையெழுத்துப் போட்டதால் அது சோதனை ஆகாது, அவரும் சேர்ந்து வைத்த ஏற்பாடு ஆகிவிடும். போகிற அன்று கண்ணாடியை எண்ணுங்கள், நூலகச் சாவி எங்கே என்று பாருங்கள், குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். எண்ணிவிட்டு உடனே கிளம்பாமல் ஒரு வேளைச் சாப்பாடு அங்கேயே சாப்பிடுங்கள். எண்ணியதற்கான காரணம் அந்த மேசையில்தான் கிடைக்கும்.

யுன்னானுக்கு இந்த விஷயத்தில் ஒரு பெருமை உண்டு. 1990களின் தொடக்கத்தில் ஃபோர்டு அறவாரியத்தின் ஆதரவோடு நடந்த பெண்கள் நலத் திட்டம் ஒன்றில், கேரொலைன் வாங், மேரி ஆன் பரிஸ் என்ற இருவர் கிராமப் பெண்கள் 62 பேரிடம் கேமராவைக் கொடுத்து, உங்கள் வாழ்க்கையை நீங்களே படமெடுங்கள் என்றார்கள். செங்ஜியாங், லூலியாங் மாவட்டங்கள். உலகம் முழுக்க இன்று பொதுச் சுகாதாரத் துறையில் கையாளப்படும் ஒரு முறை அங்கே பிறந்தது. இப்போது ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி இருக்கிறது, கேமராச் செலவுகூட இல்லை. பத்துப் பேரிடம் ஒரு வாரம், திட்டம் உதவிய இடம் ஒன்று, உதவாத இடம் ஒன்று எனப் படம் எடுக்கச் சொல்லி, பிறகு உட்கார்ந்து பேசுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் குரல் மதிப்பீட்டுக்குள் வர இதைவிட நேரான வழி எனக்குத் தெரிந்து வேறில்லை.

படமும் பெயரும் எடுக்கும்போது ஒரு சட்டத்தை மறக்க வேண்டாம். 2021 நவம்பர் 1 முதல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் தகவல் எல்லாமே அதில் உணர்திறன் மிக்க வகை. பெற்றோர் அல்லது காப்பாளர் ஒப்புதல் வேண்டும். தகவலை நாட்டுக்கு வெளியே அனுப்பத் தனி ஒப்புதல் வேண்டும். கோலாலம்பூரில் இருக்கும் நீங்கள் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைக் கேட்டு மின்னஞ்சல் போடுவதே உங்கள் கூட்டாளியைச் சிக்கலில் மாட்டிவிடும். பெயர் நீக்கி, எண் இட்ட பட்டியலைக் கேளுங்கள், உங்கள் வேலைக்கு அது போதும். சட்டம் இல்லாவிட்டாலும் உதவித்தொகைச் சீட்டைப் பிடித்துக்கொண்டு மேடையில் வரிசையாக நிற்கும் பிள்ளைகளின் படத்தை நான் எந்த அறிக்கையிலும் சேர்க்கமாட்டேன். ஏழை என்று ஊருக்கே காட்டிக்கொடுக்கப்பட்ட பிள்ளை அதைச் சுமந்துகொண்டுதான் வளர்கிறது.

பணம்

மதிப்பீட்டுக்குப் பணம் இல்லை என்று எல்லாச் சீன அமைப்பும் சொல்லும். பொது நிதி திரட்டும் அறவாரியங்களின் நிர்வாகச் செலவு அந்த ஆண்டின் மொத்தச் செலவில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. அதனால் கணக்காளர் மதிப்பீட்டையும் அந்த 10க்குள் திணிக்கப் பார்ப்பார், இடம் இருக்காது. ஆனால் 2016இல் குடிமை விவகார அமைச்சும் நிதி, வரித் துறைகளும் சேர்ந்து வெளியிட்ட விதிகளைப் படித்தால், திட்டத்தை நிர்வகிக்க ஆகும் பயணம், பயிற்சி, தணிக்கை, மதிப்பீடு ஆகிய செலவுகள் அறப்பணிச் செலவில் சேரும் என்று இருக்கிறது. நிர்வாகச் செலவில் அல்ல. இதை அச்சிட்டு எடுத்துக்கொண்டுபோய்க் கணக்காளர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். திட்ட முன்மொழிவிலேயே மதிப்பீட்டை ஒரு நடவடிக்கையாக எழுதினால் பாதிச் சண்டை அதோடு முடியும்.

கிராமத்துச் செலவில் இன்னொரு தலைவலி ஃபாபியாவ், அதாவது வரித்துறை முத்திரை உள்ள ரசீது. தலைநகரத் தணிக்கையாளர் அதைக் கேட்பார். சந்தையில் கீரை விற்கும் அம்மாவிடம் அது இருக்காது. 2011 ஏப்ரலில் பத்திரிகையாளர் டெங் ஃபெய் தொடங்கிய இலவச மதிய உணவுத் திட்டம் இந்த இடத்தில் எனக்குப் பிடித்த பாடம். தொடக்கத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 3 யுவான். சேரும் பள்ளிகள் அன்றன்று எத்தனை பேர் சாப்பிட்டார்கள், எவ்வளவு செலவு என்று வெய்போ சமூக வலைத்தளத்தில் போட வேண்டும் என்பது நிபந்தனை. ஆண்டுக்கு ஒரு முறை வரும் தணிக்கையைவிட ஒவ்வொரு நாளும் ஊர் பார்க்கும் கணக்கு பலமானது. அந்த ஆண்டு அக்டோபரில் மத்திய அரசே கிராமப்புற மாணவர்களுக்கு, அதே 3 யுவான் கணக்கில், சத்துணவுத் திட்டத்தை அறிவித்தது.

இதை நீங்கள் சிறிய அளவில் செய்யலாம். வாங்கப் போவது இருவர், எழுதுவது மூன்றாமவர். ரசீது இல்லாத பொருளுக்கு விற்றவர் பெயர், எடை, விலை, கைரேகை உள்ள ஒரு சீட்டு. அன்றைய தாள் சமையற்கூடக் கதவில் ஒட்டப்பட வேண்டும், தாய்மார் நிற்கும் உயரத்தில், படிக்கிற எழுத்தில். எவ்வளவு தொகைக்குமேல் இந்தச் சீட்டு செல்லாது என்பதைத் தணிக்கையாளரோடு முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளுங்கள், யுவானில், எழுத்துப்பூர்வமாக.

யாருக்குக் கணக்குக் கொடுப்பது

2011 ஜூனில் குவோ மெய்மெய் என்ற இளம்பெண் செஞ்சிலுவைச் சங்கத்தோடு தொடர்புள்ளவராக வெய்போவில் தன்னைக் காட்டிக்கொண்டு ஆடம்பரப் படங்களைப் போட்டார். சங்கம் தொடர்பே இல்லை என்று மறுத்தும் மக்கள் நம்பவில்லை. 2008 வென்சுவான் நிலநடுக்கத்துக்கு அள்ளிக் கொடுத்த அதே மக்கள்தான். கொடுத்த பணம் எங்கே போனது என்று அவர்களுக்கு யாரும் புரியும்படி சொல்லாமல் இருந்ததே அந்த வதந்திக்கு இவ்வளவு வேகத்தைக் கொடுத்தது என்பது என் முடிவு. பிறகு வெளிப்படைத்தன்மைக்கான ஏற்பாடுகள் வளர்ந்தன. 2010இல் தொடங்கிய சீன அறவாரிய மையம் 2012இல் வெளிப்படைத்தன்மைக் குறியீட்டை வெளியிட்டு அறவாரியங்களை வரிசைப்படுத்தியது. நல்ல காரியம். ஆனால் அந்தக் குறியீடு நீங்கள் வெளியிட்டீர்களா என்று பார்க்கிறது. கண்ணாடி முகத்தில் இருந்ததா என்று பார்ப்பது அதன் வேலை இல்லை. முழு மதிப்பெண் வாங்கிய அமைப்பு அதோடு நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

பெற்றவர்களுக்குக் கணக்குக் கொடுக்க மூன்று ஏற்பாடு போதும். ஒன்று, பருவ முடிவில் ஊர்க்கூட்டம், அரை மணி நேரம். நாங்கள் என்ன கேட்டோம், நீங்கள் என்ன சொன்னீர்கள், நாங்கள் எதை மாற்றுகிறோம், எதை மாற்ற முடியவில்லை. மாற்ற முடியாததை மறைக்காதீர்கள். இரண்டு, ஊராட்சி அறிவிப்புப் பலகையில் ஒரு பக்கத் தாள், தொகையும் எண்ணிக்கையும் மட்டும். மூன்று, புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண். அது திட்ட அலுவலரின் எண்ணாக இருக்கக் கூடாது, ஏனென்றால் புகாரே அவரைப் பற்றியதாக இருக்கலாம். இயக்குநர் குழுவில் களத்தோடு தொடர்பில்லாத ஒருவர் எடுக்கட்டும். வீசாட் குழுவைப் புகார்ப் பெட்டி என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். ஆசிரியரும் ஊர்த் தலைவரும் இருக்கும் குழுவில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

சரியாக நடக்காததை எழுதுவது

சீனத் திட்ட மேலாளர்களிடம் இதைப் பற்றிப் பேசும்போது குரல் தாழ்ந்துவிடும். அவர்கள் பயம் நியாயமானது. அரசு ஒப்பந்தங்களில் இடைக்கால மதிப்பீட்டை நம்பித்தான் அடுத்த தவணை வரும். குவாங்சோ சமூகப் பணி நிலையங்களில் வெளி மதிப்பீட்டாளர்கள் வரும் வாரம் எப்படி இருக்கும் என்று அங்கே வேலை செய்த யாரையும் கேளுங்கள். இளம் சமூகப் பணியாளர்கள் இரவு முழுக்கக் கோப்புகளை அடுக்குவார்கள். முதியவர்களைப் போய்ப் பார்க்க வேண்டிய நேரம் முதியவர்களைப் பார்த்ததற்கான பதிவேட்டில் கரையும். அந்த இளம் பணியாளர்களின் களைப்பைப் பார்த்த பிறகுதான் சேகரிப்பதைக் குறைப்பதில் நான் பிடிவாதமானேன்.

நீங்கள் பணம் கொடுக்கும் பக்கத்தில் இருந்தால் இதை மாற்ற உங்களால் முடியும். ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்: நினைத்தபடி நடக்காத ஒன்றையும் அதற்காக மாற்றியதையும் முதல் பத்தியில் சொல்லும் அறிக்கையே முழுமையான அறிக்கை; அப்படிச் சொன்னதற்காகத் தவணை நிற்காது. எழுதியதோடு, முதல் முறை அப்படி ஓர் அறிக்கை வரும்போது தவணையைத் தாமதமில்லாமல் அனுப்புங்கள். அந்த ஒரு பரிமாற்றத்தை அவர்கள் கவனித்துக்கொண்டிருப்பார்கள்.

நீங்கள் அமைப்புக்குள் இருந்தால், தாளில் எழுதும் முன் அறவாரிய அலுவலரைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள். அவருக்கும் மேலதிகாரி உண்டு. எழுத்தில் திடீரென்று பார்த்தால் தற்காத்துக்கொள்ளத்தான் தோன்றும். முன்பே கேட்டிருந்தால் உங்களுக்காகப் பேசுவார்.

வெளி மதிப்பீட்டாளரை அமர்த்தும்போது வேலை விவரத்தில் நேரப் பங்கீட்டை எழுதிவிடுங்கள். கோப்புகளுக்கு அரை நாள், மீதி முழுவதும் வீடுகளிலும் பள்ளிகளிலும். யாரைச் சந்திப்பது என்பதை அவர் பட்டியலிலிருந்து குலுக்கி எடுக்கட்டும். அமைப்பு தேர்ந்தெடுத்துக் கொடுக்கக் கூடாது. திட்டத்திலிருந்து பாதியில் விலகிய சிலரையாவது அவர் பார்க்க வேண்டும்.

திட்டம் தொடங்கும் முன் நிலவரத்தைப் பதியும் தொடக்கநிலைக் கணக்கெடுப்புக்கு நாள் குறிப்பதில் ஒரு யோசனை. பெற்றோர் நகரத்தில் இருக்கும் ஊர்களில், சீனப் புத்தாண்டுக்குப் பின் விளக்குத் திருவிழா வரையிலான நாட்களில்தான் அம்மாவும் அப்பாவும் வீட்டில் இருப்பார்கள். உங்கள் ஊழியர்களும் அப்போது ஊருக்குப் போயிருப்பார்கள், அதனால் எல்லோரும் அந்த வாரத்தைத் தவிர்க்கிறார்கள். உள்ளூர்க் கல்லூரி மாணவர்கள் அதே விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருப்பார்கள். டிசம்பரிலேயே அவர்களைப் பிடித்து, ஒரு நாள் பயிற்சி கொடுத்து, வினாத்தாளை இரண்டு பக்கத்துக்குள் நிறுத்தி, புத்தாண்டின் ஐந்தாம் நாளிலிருந்து அனுப்புங்கள். கையோடு ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போகப் பணம் கொடுங்கள். அந்த நாட்களில் வெறுங்கையோடு எந்த வீட்டு வாசலும் ஏறக் கூடாது.